நீக்கப்பட்ட ஒரு துப்பறியும் நாவல் பற்றி, நீக்கியவர்களுக்கு

கிளை நூலகங்களில் எந்தப் புத்தகம் அலமாரியில் இருக்கலாம், எது எடைக்குப் போகலாம் என்று பட்டியல் போடும் பெரியவர்களுக்கு,

வணக்கம்.

நான் மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் இடையில் ஒரு ஊரில் இருக்கிறேன். தஞ்சாவூரில் ஒரு கடன் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் 1994-லிருந்து உறுப்பினர். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இப்போது இருக்கும் நூலகர் தம்பிக்கு மெமோ வரும். அவர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, பாவம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தேன். மூன்று மாதப் பேப்பரையும் உடைந்த பிளாஸ்டிக் குடத்தையும் போட்டுவிட்டு வருவதுதான் திட்டம். தராசுக்குப் பக்கத்தில் சணல் கட்டிய புத்தகக் கட்டுகள் ஏழெட்டு கிடந்தன. ஒரு கட்டில் மேலாக இருந்த புத்தகத்துக்குச் சிவப்புக் காலிகோ முதுகு, அதில் வெள்ளைப் பெயிண்டில் எண். அந்த எழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். 7-ஐச் சாய்த்துப் போட்டு நடுவில் ஒரு கோடு இழுப்பவர் எங்கள் பழைய நூலகர் ஒருவர்தான்.

கட்டைப் பிரிக்கச் சொன்னேன். நான்கு மாத நாவல்களைச் சேர்த்துத் தைத்த வால்யூம். நாலும் துப்பறியும் கதை. முதல் பக்கத்தில் நூலக முத்திரை, அதன் குறுக்கே சிவப்பு மையில் ‘நீக்கம்’. எவ்வளவு என்று கேட்டேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, “சும்மா எடுத்துக்கங்கக்கா. கடைசில பக்கம் இல்ல, யாரோ கையால எழுதி ஒட்டிருக்காங்க. இது போகாது” என்றார்.

அந்தக் கையெழுத்துப் பக்கங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் என் வாரம் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு கிழிந்த நாவலுக்கு இவ்வளவு பேச்சா என்று நினைப்பீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு புத்தகம் எடுப்பேன். ஒன்று என் அட்டையில், இன்னொன்று வீட்டுக்காரர் அட்டையில். அவர் கடைசியாகப் படித்தது மோட்டார் பம்போடு வந்த கையேடு. ஞாயிற்றுக்கிழமை துணி, மாவு, மீன் என்று போய்விடும். திங்களிலிருந்து பஸ். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஜன்னல் ஓரம் கிடைத்தால் நாற்பது பக்கம் ஓடும், நின்றுகொண்டு போனால் பூஜ்யம். கதை சூடு பிடித்தால் இறங்க வேண்டிய இடம் தெரியாது. இரண்டு தடவை தஞ்சாவூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், ஆட்டோ பிடித்து ஆபீஸுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். மேனேஜரிடம் பஸ் லேட் என்றேன். பொய்தான்.

ராத்திரி எட்டரை மணிக்கு அத்தைக்குக் கதை. என் மாமியாருக்கு எண்பத்து நாலு வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, ஆனாலும் சின்ன எழுத்து தெரிவதில்லை. அன்றைக்கு நான் பஸ்ஸில் படித்ததை அவருக்குச் சொல்லியாக வேண்டும். தாவிச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காலத்து நாவல்களில் ஒரு பெண் உள்ளே வந்ததும் முக்கால் பக்கத்துக்கு அவளை வர்ணிப்பார்களே, அதை மட்டும் விட்டுவிடுவேன். “என்னடி, எதையோ முழுங்கற?” என்பார். “சேலைக் கலர்தான் அத்தை” என்பேன்.

செவ்வாய்க்கிழமையே அவர் ஆரம்பித்துவிடுவார். “அந்தச் சமையக்காரன் எதுக்குடி இவ்வளவு நல்லவனா இருக்கான்?”

“தெரியலை அத்தை. இன்னும் அந்த இடம் வரலை.”

“எனக்கு வந்துருச்சு. நீ மெதுவா படி.”

பத்துக்கு ஏழு அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் முடிவு. விளக்கு வைத்து, சாப்பாட்டுக் கடை முடித்து, கொலைகாரன் யார் என்று சொல்லிவிட்டுப் படுப்பேன். மறுநாள் புத்தகம் திரும்பிப் போகும், அடுத்தது வரும். இருபது வருடமாக இதுதான். ஆகையால் கடைசிப் பக்கம் இல்லாத புத்தகம் என்பது எங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை.

இப்போது அந்த வால்யூம்.

1997-ல் அதை நான் எடுத்து வந்தேன். அப்போது அத்தைக்குக் கண் நன்றாகத் தெரியும், முதலில் அவர்தான் படிப்பார், அப்புறம்தான் எனக்கு. மூன்று நாவல் முடித்து நாலாவதில் போய்க்கொண்டிருந்தவர் அடுப்படிக்கு வந்து நின்றார். அரிவாள்மணையில் நான் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். “எவனோ கிழிச்சிருக்கான்டி. எல்லாரையும் ஹால்ல உக்கார வெச்சு, கதவைச் சாத்திட்டு, ‘இந்தக் கொலையைச் செய்தது’ன்னு ஆரம்பிக்கறான். அதோட நிக்குது” என்றார். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

நூலகரிடம் போய்ச் சத்தம் போட்டேன். சின்ன வயசு, கோபம் வரும். அவர் புத்தகத்தை வாங்கித் தையலை விரலால் தடவிப் பார்த்தார். “பின் கழண்டு போயிருக்கு. கடைசித் தாளுங்கதான் முதல்ல போகும். யாரும் கிழிக்கலைம்மா, தானா உதிர்ந்திருக்கு” என்றார். பிறகு, “அடுத்த வாரம் வாங்க” என்றார்.

அடுத்த வாரம் போனால், அவர் மன்னார்குடியில் யாரோ வாசகரிடம் அந்த மாத நாவலைத் தேடிப் பிடித்து, விட்டுப்போன நாலு பக்கத்தையும் கோடு போட்ட தாளில் நீல மையில் எழுதி, அளவாக வெட்டி ஒட்டி வைத்திருந்தார். ஒட்டிய பசையில் மயில்துத்தம் கலந்திருந்ததால் ஓரமெல்லாம் பச்சையடித்திருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டிங்காரர்கள் மைதாப் பசையில் அதைப் போடுவார்கள். கடைசி வரிக்குக் கீழே, எங்கள் சங்கத்தில் பத்திர நகலுக்குப் போடுவோமே, அந்த மாதிரி எழுதியிருந்தார்: ‘மூலப் பிரதியுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’. அதற்குக் கீழே சுருக்கொப்பம், தேதி, நூலக முத்திரை.

கொலைகாரன் யார் என்பதற்கு அத்தாட்சி முத்திரை போட்டுக் கொடுத்த அரசு ஊழியரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அந்தப் புத்தகத்தைத்தான் நீங்கள் கிலோக் கணக்கில் அனுப்பியிருக்கிறீர்கள்.

பேப்பர் கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருடம் துப்பறியும் கதை படித்த பழக்கம், தடயம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. புத்தகம் எடுக்கும்போது தேதி குத்துகிற தேதித் தாள் மூன்று, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தது. பிரித்து எண்ணினேன், கணக்கு எழுதுகிறவள்தானே. 143 தேதி. முதல் தேதி 1989, கடைசித் தேதி 2016. சித்திரை, வைகாசியில் நெருக்கமாக விழுந்திருக்கிறது, நடவு சமயத்தில் இடைவெளி. ஒரு தடவை ஐந்து மாதம் யாரோ வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், பிரசவத்துக்குப் போன இடமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவது நாவலில் ஒரு மஞ்சள் கட்டைவிரல் ரேகை, போலீஸ் எடுத்தது போலத் தெளிவாக. மூன்றாவது நாவலின் ஐந்தாம் பக்கத்தில் பென்சிலில் ‘கொலைகாரன் டாக்டர்’ என்று ஒரு பாவி எழுதி வைத்திருக்கிறான். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் ‘பொய். நம்பாதீர்கள்’. அதற்கும் கீழே பால்பாயின்ட் பேனாவில், ‘ரெண்டு பேரும் வாயை மூடுங்க’.

டாக்டர் இல்லை. அதுவரைக்கும் சொல்லலாம்.

உங்கள் பட்டியலில் இந்தப் புத்தகத்துக்கு எதிரே என்ன காரணம் எழுதியிருந்தது என்று தம்பியிடம் கேட்டேன். ‘சிதைந்தது’ என்றார். வாஸ்தவம்தான், சிதைந்துதான் இருக்கிறது. 143 வீட்டுக்குப் போய் வந்தால் பாத்திரம்கூட நெளியும். அதே அலமாரியில் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு இருக்கிறது, தடித்த அட்டை, மூன்று பிரதி. மூன்றிலும் சேர்த்து இரண்டே இரண்டு தேதி. அதில் ஒன்று என்னுடையது, மழைக்கு ஒதுங்கிய அன்றைக்கு எடுத்தேன். அந்த மூன்றும் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கின்றன, எந்தக் காலத்திலும் உங்கள் பட்டியலில் ஏறாது. படிக்கப்பட்ட புத்தகம் கிழிகிறது, கிழிந்த புத்தகம் போகிறது, படிக்கப்படாதது அலமாரியில் நிற்கிறது. இப்படியே இன்னும் இருபது வருடம் போனால் நூலகத்தில் மிச்சம் இருப்பது யாரும் தொடாத புத்தகங்கள் மட்டும்தான். என் பேரேட்டில் இப்படி ஒரு கணக்கு வந்தால் ஆடிட்டர் விடமாட்டார்.

இதெல்லாம் பொழுதுபோக்கு, காலத்துக்கு நிற்காது என்று சொல்வீர்கள். எல்லாம் நன்றாக இருக்கும் என்று நானும் சொல்லமாட்டேன். மாதம் ஒன்று எழுதியே தீர வேண்டும் என்று எழுதியதில் குப்பை ஏராளம். கடைசி அத்தியாயத்தில் இரட்டைப் பிறவி அண்ணன் ஒருவன் பம்பாயிலிருந்து வந்து இறங்கினால் புத்தகத்தைச் சுவரில் அடிக்கத் தோன்றும். வெள்ளிக்கிழமை அத்தையிடம் அதைச் சொல்ல எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

ஆனால் தினமும் என் பஸ் வடுவூரைத் தாண்டித்தான் போகிறது. ஏரிக்கரையில் பறவை பார்க்க வந்தவர்கள் கேமராவோடு நிற்பார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்ற பெயரோடு இந்த ஊரும் சேர்ந்து ஒரு காலத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போனது. திகம்பர சாமியார் என்று ஒரு துப்பறிவாளரை உண்டாக்கியவர் அவர். அத்தையின் அப்பா திண்ணையில் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படிப்பாராம், பக்கத்து வீட்டுக்காரர்கள் வெற்றிலைச் செல்லத்தோடு வந்துவிடுவார்களாம். பெண்கள் நிலைப்படிக்கு உள்பக்கம் இருந்து கேட்பார்கள். 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைப் படமாக எடுத்து நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு நடித்ததும், திண்ணையில் கேட்டவர்களெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள் என்பார் அத்தை.

அதற்கும் முன்னால், 1908-லேயே ஜே.ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனை இறக்கிவிட்டாயிற்று. ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸின் இங்கிலீஷ் நாவல்களை வைத்துக்கொண்டு லண்டன் கதையை நம்மூர்ப் பெயர்களில் எழுதித் தள்ளினார். துப்பறியும் சாம்புவைத் தந்த தேவன் திருவிடைமருதூர்க்காரர், இந்தப் பக்கத்து ஆள்தான். சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா, அசடு, எதையோ செய்யப்போய்த் திருடன் அகப்பட்டுவிடுவான். என் தொழிலும் அதே என்பதால் அவனிடம் எனக்குத் தனிப் பிரியம். அத்தைக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால்தான். சங்கர்லால் டீ குடித்தால் இவரும் எழுந்துபோய் டீ போடுவார். நான் சுஜாதாவின் கணேஷ்-வசந்த் கட்சி. அப்புறம் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு 1500 நாவலுக்கு மேல் எழுதிய ராஜேஷ்குமார். ஒரு அத்தியாயம் ஒரு ஊரில், அடுத்தது வேறு ஊரில் சம்பந்தமில்லாமல் போய், கடைசியில் இரண்டும் முட்டிக்கொள்ளும் அவர் உத்தியை அத்தை ‘ரெட்டை மாட்டு வண்டி’ என்பார். அதைக் கதையாகச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

நூறு வருடத்துக்கு மேல் எத்தனையோ சாதாரண ஜனங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது இதில்தான். ‘இலக்கியம்’ தனி அடுக்கில் இருக்கட்டும், நானும் அதில் எடுக்கிறேன். ஆனால் அந்த அடுக்குக்கு நான் போனதே இந்த அடுக்கு வழியாக.

காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். போர்டு எழுதுகிறவர். நாவல், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் வீடு நிறையச் சேர்த்தார். அவருக்குப் பிறகு அதைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-ல் சென்னையில் அவர் பேரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. இன்றைக்குப் பழைய துப்பறியும் நாவலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் அங்கேதான் போகிறார்கள். ஒரு தனி மனுஷர் தன் காசில் செய்தது அது. நம்மிடம் 1948-லிருந்து நூலகச் சட்டம் இருக்கிறது. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. என் வீட்டு ரசீதிலும் அது இருக்கிறது, வருடா வருடம் பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு, நீங்கள் அறியாததல்ல. 1931-ல் மன்னார்குடி மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். தொடங்கிவைத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரர். நூலகத்துக்கு ஐந்து விதிகள் என்று அவர் எழுதிய புத்தகம் வெளிவந்ததும் அதே வருடம். புத்தகம் பயன்படுத்தத்தான் என்பது முதல் விதி. உங்களுக்குப் பாடமாக வைத்திருப்பார்கள். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் 143 தேதி விழுந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ‘சிதைந்தது’ என்று எழுதியவர், அந்த விதியை எந்தப் பக்கமாகப் படித்தார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இடம் போதாது, தெரியும். எங்கள் கிளையில் பெஞ்சை இழுத்தால்தான் கதவு திறக்கும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. நீக்குவதற்கு முன்னால் தேதித் தாளை ஒரு தடவை எண்ணுங்கள். நூறு தேதிக்கு மேல் இருந்தால், மாவட்டத்தில் எங்காவது ஒரு இடத்தில் அதற்கு ஒரு பிரதி நிற்கட்டும். மாத நாவல் என்றால் பின் துருப்பிடித்துத் தாள் உதிரும், அது அதன் ஜாதகம். நாலு நாலாகச் சேர்த்துத் தைத்தால் இன்னும் இருபது வருடம் ஓடும் என்று எங்கள் பழைய நூலகர் செய்தே காட்டியிருக்கிறார். அப்படியும் போகத்தான் வேண்டுமென்றால், எடைக்குப் போடும் முன்பு ஒரு வாரம் வாசலில் ஒரு மேஜை போட்டு வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி ஒட்டுங்கள். நான் வந்து எடுத்துக்கொள்வேன். பஸ்ஸில் படித்துக்கொண்டு வருகிற இன்னும் இரண்டு பெண்களை எனக்குத் தெரியும், அவர்களும் வருவார்கள்.

போன வாரம் அந்த நாலாவது நாவலை அத்தைக்கு மறுபடி சொன்னேன். 1997-ல் படித்தது அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. திங்கள் ஆரம்பித்தேன், செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஒரு ஆளைச் சொன்னார். வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த நீல மைப் பக்கங்களைக் கதையாகச் சொல்லாமல் அப்படியே படித்தேன். அத்தை சொன்ன ஆள் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “யாரோ மாத்தி எழுதிட்டான்டி” என்றார். கீழே இருந்த முத்திரையைப் படித்துக் காட்டினேன். “மூலப் பிரதியோட ஒப்பிட்டாச்சா? அப்ப சரி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புத்தகத்தை நூலகத்துக்கே திருப்பிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். முதுகில் காலிகோ மட்டும் மாற்றினால் போதும், அந்தச் செலவு என்னுடையது. தம்பியிடம் கேட்டதற்கு, நீக்கிய நூலை மறுபடி பதிவேட்டில் ஏற்ற வழி இல்லை என்றும், நன்கொடை நூல் என்றால் புது எண் போடலாம், ஆனால் அதற்கு மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

இதையே விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
1994-லிருந்து ஒரு உறுப்பினர்